வெள்ளிக்கிழமை பை

அண்ணா வணக்கம்,

எனக்கு ஏற்காட்டுக்கு மேல நாகலூர் பக்கம். சேலத்துல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு, ஹாஸ்டல்ல இருக்கேன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்தான். இங்க கிளாஸ் பூரா இங்கிலீஷ்ல போகுது, பக்கத்துல இருக்கறவன்லாம் தலையாட்டறான், எனக்கு மட்டும்தான் ஒண்ணும் புரியல. ராத்திரி வெக்கையில தூக்கமும் வரல. சீனியருங்க ரூமுக்கு கூப்பிட்டு பாட்டு பாடச் சொல்றாங்க, "மலைக்காரா"ன்னு கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு போயிடறேன், அது ஒண்ணுதான் ஆறுதல். தமிழ் இலக்கியத்துக்கு மாறிடலாமா? இங்கிலீஷ் வர்றதுக்கு என்ன புக் படிக்கலாம்?

பேர் போட வேண்டாம்ணா.

---

அன்புள்ள தம்பி,

பேர் போடல. இந்த மாதிரி வர்ற லெட்டருக்கு மெயில்லயே ரெண்டு வரி போட்டு முடிச்சிடுவேன், ஆனா நாகலூர்னு பார்த்ததும் கை நின்னுடுச்சு. நானும் மேல இருந்து இறங்கி வந்தவன்தான். 1991ல, இதே கெமிஸ்ட்ரி.

முதல்ல சீனியர் விஷயம். "மலைக்காரா"ன்னு கூப்பிடறதை விடு, எனக்கு மூணு வருஷமும் காப்பிக்கொட்டைன்னுதான் பேரு, இன்னிக்கும் ரெண்டு பேரு போன் பண்ணா அப்படித்தான் கூப்பிடுவானுங்க. ஆனா ராத்திரி ரூமுக்கு கூப்பிடறது வேற. அதை பொறுத்துக்கற வேலையே வச்சுக்காத. 1996ல சிதம்பரத்துல ஒரு மெடிக்கல் மாணவனை ராகிங்ல கொன்னே போட்டாங்க, அதுக்கப்புறம்தான் 1997ல நம்ம தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டமே வந்துச்சு. வார்டன்கிட்ட சொல்லு, சொல்ல பயமா இருந்தா ராகிங் ஹெல்ப்லைன் 1800 180 5522க்கு போன் போடு. பாட்டுதானேன்னு நீயே சமாதானம் சொல்லிக்காத.

கோர்ஸ் மாத்தறது பத்தி: வேண்டாம். தமிழ் இலக்கியம்னா சும்மா இங்கிலீஷுக்கு பயந்து ஒதுங்கற திண்ணைன்னு நினைச்சியா? அங்க வந்து தொல்காப்பியத்தை எடுத்தா அப்ப எங்க மாறுவே?

வெக்கைக்கு துண்டை நனைச்சு பிழிஞ்சு ஜன்னல்ல கட்டு. ஏற்காட்ல எங்க வீட்ல ஃபேனே கிடையாது தம்பி. ஹாஸ்டல்ல மொத நாள் ராத்திரி அந்த ஃபேன் கடகடன்னு ஆடறதை பார்த்துட்டு, தலையிலயே விழப்போகுதுன்னு கட்டிலை சுவரோரமா இழுத்துப் போட்டு படுத்தேன். காத்தும் வரல, தூக்கமும் வரல. ஒரு மாசத்துல பழகும், உனக்கு மூணு மாசம் ஆகியும் ஏன் பழகலன்னு கேட்டா அதுக்கு பதில் நீயே எழுதியிருக்கே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிடறேன்னு.

இங்கதான் எனக்கு உன்மேல கோபம். ஆறுதல்னு எழுதியிருக்கே. ஒரு செமஸ்டர்னா தொண்ணூறு வேலை நாள்னு வச்சுக்கோ, பதினெட்டு வாரம். வாரத்துக்கு சனி ஞாயிறு ரெண்டு நாள், ஆக முப்பத்தாறு நாள் நீ சேலத்துலயே இல்ல. திங்கட்கிழமை காலையில இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டின்னு வந்து சேர்றதுக்குள்ள ஃபர்ஸ்ட் அவர் போயிருக்கும், அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு சதவீதம் இல்லன்னா பரீட்சைக்கே சிக்கல், அது தெரியுமா? வியாழக்கிழமையே பை கட்டியிருப்பே, நானும் அப்படித்தான் கட்டினேன், அழுக்குத் துணி ஒரு பக்கம், காலி ஊறுகாய் பாட்டில் ஒரு பக்கம். வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் கிளாஸ்ல உட்கார்ந்திருக்கறது உடம்பு மட்டும்தான், மனசு அடிவாரம் செக்போஸ்ட்டை தாண்டியிருக்கும். அப்ப ஒனக்கு என்னதான் புரியும், சார் தமிழ்லயே நடத்தினாலும் புரியாது.

என்னை மாத்தினது நான் இல்ல, ஒரு மரம். அந்த நவம்பர் மழையில மலைப்பாதையில மரம் சாஞ்சு மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுடுச்சு. பையை தூக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் போய் மூணு மணி நேரம் நின்னுட்டு திரும்பினேன். கூடப் படிக்கற ஒருத்தன், வீடு செவ்வாய்பேட்டை, என் மூஞ்சிய பார்த்துட்டு சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாடான்னான். கிளாஸ்ல எனக்கு முன் பெஞ்சுல உட்கார்ந்து சார் சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டறவன் அவன்தான். இவனுக்கென்ன டவுன்காரன், எல்லாம் புரியுதுன்னு நான் வயிறெரிஞ்ச ஆளு.

அவங்க வீட்ல கொலுசு வேலை. திண்ணையை அடைச்சு பட்டறை போட்டிருந்தாங்க. அவங்க அம்மா தரையில உட்கார்ந்து முத்து கோத்துட்டு இருந்தாங்க. அவங்கப்பா வெள்ளி வளையம் ரெண்டு ரெண்டா ஒட்ட வச்சிட்டு இருந்தாரு. வெங்காரத்தை, அதான் போராக்ஸ், தண்ணியில இழைச்சு மூட்டுல தடவி, மேல ஒரு சிட்டிகை வெள்ளிப் பொடி, அப்புறம் ஊதுகுழல்ல ஒரே ஊது. பொடி மினுக்குனு உருகி மூட்டுக்குள்ள ஓடிச்சு, வளையம் அப்படியே நின்னுச்சு. நான் கேட்டேன், ரெண்டும் வெள்ளிதானே, வளையம் ஏன் உருகலன்னு. அவரு என்னை ஏற இறங்க பார்த்தாரு. "காலேஜ்ல அதானே சாமி படிக்கிறீங்க? பொடியில செம்பு கலந்திருக்கு. கலப்படம் சீக்கிரம் உருகும், சுத்தம் நிக்கும்"னாரு.

தம்பி, அந்த வாரந்தான் சார் போர்டுல வெள்ளி-ஈயம் படம் போட்டிருந்தாரு. வெள்ளி உருக 961 டிகிரி, ஈயம் 327, ஒரு குறிப்பிட்ட அளவுல ரெண்டும் கலந்தா 303லயே உருகிடும், ரெண்டையும் விட கம்மி. யூடெக்டிக்னு பேரு. நான் அந்த வார்த்தையை தமிழ் எழுத்துல நோட்டுல எழுதி வச்சிட்டு, ஏதோ வியாதி பேரு மாதிரி பார்த்துட்டு இருந்தேன். பொடி வச்சு பேசறான்னு ஊர்ல சொல்றோமே, அந்தப் பொடியே இதுதான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. முன் பெஞ்சுக்காரன்கிட்ட திரும்பி, டேய் இதுதாண்டா அந்த யூடெக்டிக்னேன். அவன் "எந்த யூடெக்டிக்?"னான். அவனுக்கும் ஒண்ணும் புரியலடா! தலையாட்டுனா சார் கேள்வி கேக்க மாட்டாருன்னு ஆட்டியிருக்கான். அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் தட்டுவடை செட்டு தின்னுட்டு, அந்தப் பாடத்தை தமிழ்ல பேசிப் பேசியே முடிச்சோம்.

அடுத்த வாரம் ஊருக்கு போனேன். அம்மா எஸ்டேட்ல கூலி. சோறு போட்டுட்டு முந்தானையில முடிஞ்சிருந்த இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தாங்க. ஏதும்மான்னேன். "போன சனிக்கிழமை நீ வரலையா, பழம் பறிக்க போனேங்கண்ணு"ன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் சோறு எறங்கல. ஜூலையில இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வர்றேன்னு வேலைக்கு போகாம இருந்திருக்காங்க. நான் ஆறுதல் தேடி போனேன், அதுக்கு ஒரு நாள் கூலி. காப்பி பறிப்பு நேரத்துல ஒரு சனிக்கிழமை என்ன விலைன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வருதா உனக்கு? அரசுப் பள்ளியில படிச்சிருந்தா வரணும். வந்தா அதை பஸ்ஸுக்கு கொட்டாத. போகவே போகாதன்னு சொல்லல, பொங்கலுக்கு போ, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு போ, மனசு ரொம்ப உடைஞ்சா நடு வாரம்னாலும் கிளம்பு, அதுக்கெல்லாம் நான் யாரு கேக்க. மாசத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோ. மத்த சனிக்கிழமை உன் முன் பெஞ்சுல தலையாட்டறவன் எவன்னு பாரு, அவன் வீடு எங்கன்னு கேளு.

இங்கிலீஷ் புக்கு கேட்டிருந்தே, எழுத எழுத அது மறந்தே போச்சு. இன்னொரு நாள் பாக்கலாம். அதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன் போட்டு, சனிக்கிழமை வேலை உண்டாம்மான்னு மட்டும் கேளு. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.