கிலோ கணக்கு மாறாமல் இருக்க: ஏபிஐ சோதனையை எங்கே தொடங்குவது?

கேள்வி: கோத்தகிரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நானும் நண்பரும் சேர்ந்து, பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு மொபைல் ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். எடை போடும் இடத்திலேயே விவசாயியின் பெயரையும் கிலோவையும் பதிவார்கள். மாதக் கடைசியில் கணக்கு வந்துவிடும். பின்னால் ஓடுவது நாங்கள் எழுதிய ஏபிஐ (ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி), 40க்கு மேல் முகவரிகள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறோம். போன மாதம் அப்படியும் தப்பிப்போய் 12.5 கிலோ 12 கிலோவாகப் பதிவானது. விவசாயிகளிடம் நன்றாகப் பேச்சு வாங்கினோம். சோதனையைத் தானியங்கியாக்க வேண்டும். ஆனால் இருப்பது 8 ஜிபி லேப்டாப், மழைக்காலத்தில் நெட் நிற்காது. எந்தக் கருவி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கருவியை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். ஹர்ல் போதும்; ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பி, வரும் பதிலைச் சரிபார்ப்பதுதான் அதன் வேலை. ஆரஞ்ச் என்ற பிரெஞ்சுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் உருவான திறந்த மூலக் கருவி; ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, உள்ளே வேலை செய்வது நமக்கெல்லாம் பழக்கமான, கோரிக்கை அனுப்பும் கர்ல்தான். ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது. டெர்மினலில் ஓடும், உங்கள் லேப்டாப்புக்கு அது ஒரு பாரமே இல்லை. சர்வரையும் டேட்டாபேஸையும் அதே லேப்டாப்பில் ஓட்டினால் நெட் இல்லாமலே முழுச் சோதனையும் நடக்கும். நண்பருக்கு ஜன்னல் இருந்தால்தான் கை ஓடும் என்றால் புரூனோ பார்க்கலாம். அதுவும் கோரிக்கைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக உங்கள் ஃபோல்டரிலேயே வைக்கும். எதை எடுத்தாலும் சோதனைக் கோப்புகள் நிரலோடு சேர்ந்து கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை.

ஹர்ல் கோப்பு எப்படி இருக்கும்? முதல் வரியில் போஸ்ட் (புதிதாகப் பதியச் சொல்லும் கோரிக்கை) என்று எழுதி முகவரி. அதன் கீழே அனுப்ப வேண்டிய தரவு, ஜேசன் என்ற எழுத்து வடிவில். அதற்கும் கீழே எச்டிடிபி என்று எழுதி, எதிர்பார்க்கும் எண், உதாரணமாக 201 (புதிதாகப் பதிந்தாயிற்று). பிறகு சதுர அடைப்புக்குள் அஸர்ட்ஸ் என்று தலைப்பிட்டு, பதிலின் எந்த இடத்தில் என்ன மதிப்பு இருக்க வேண்டும் என்று வரிக்கு ஒன்றாக எழுதலாம். கேப்சர்ஸ் என்று இன்னொரு பகுதி உண்டு: லாகின் பதிலில் வரும் டோக்கனையோ (அடையாளச் சீட்டு), புதிதாக உருவான பதிவின் ஐடியையோ ஒரு பெயரில் பிடித்துவைத்து, அடுத்த கோரிக்கையில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் அந்தப் பெயரைப் போட்டால் போதும். ஒரு கோப்புக்குள் கோரிக்கைகள் மேலிருந்து கீழாக வரிசையாகப் போகும்.

போஸ்ட்மேனில் சேர்த்துவைத்ததெல்லாம் வீணாகாது. அங்கே எந்தக் கோரிக்கையையும் கர்ல் கட்டளையாக எடுக்கலாம். ஹர்லோடு வரும் ஹர்ல்ஃபெம்ட் என்ற துணைக்கருவி அதை ஹர்ல் கோப்பாக மாற்றித் தரும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். 40 முகவரிகளுக்கும் 200 (எல்லாம் சரி) வருகிறதா என்று பார்க்கும் கோப்புகளை ஒரே நாளில் எழுதிவிடலாம். எழுதி முடித்தால் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் உங்கள் 12.5 கிலோ பிழையை அவற்றில் ஒன்றுகூடப் பிடித்திருக்காது. அன்றும் சர்வர் 201 என்றுதானே பதில் சொல்லியிருக்கும்? அதனால் முகவரிப் பட்டியலை மூடிவையுங்கள். எங்கே தப்பானால் ஒருவருடைய காசு குறையும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏழெட்டு இடம் வரும். சோதனை அங்கிருந்து தொடங்கட்டும்.

முதல் கோப்பு அந்தப் பாதி கிலோவுக்கே. ஒரு விவசாயியை உருவாக்குங்கள், 12.5 கிலோ பதியுங்கள். இங்கேதான் பலர் வழுக்கிவிழுவார்கள்: போஸ்ட் கோரிக்கைக்கு வந்த பதிலிலேயே எடையைப் பார்த்துத் திருப்தியாகிவிடுவார்கள். பல சர்வர்கள் நாம் அனுப்பியதையே திருப்பிச் சொல்லும். டேட்டாபேஸில் என்ன விழுந்தது என்பது வேறு கதை. ஐடியைப் பிடித்துவைத்து, தனியாக ஒரு கெட் கோரிக்கை அனுப்பிப் படித்து, அங்கே 12.5 இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொரு 12.5 பதிந்து மாத மொத்தம் 25 வருகிறதா என்றும் பாருங்கள். தசமம் எங்காவது வெட்டுப்பட்டால் 24 என்று காட்டிக்கொடுத்துவிடும். 10, 20 என்று முழு எண் போட்டுச் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை ஒருநாளும் படாது. எடை எண்ணாக வராமல் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வந்தாலும் ஹர்ல் ஒப்புக்கொள்ளாது, அது நல்லதுதான்.

கூடவே ஒன்று: எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணாகச் சேமியுங்கள். 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் பெரும்பாலான மொழிகள் 0.30000000000000004 என்கின்றன. ஒரு மாதம் முழுக்க இப்படிக் கூட்டினால் ரசீதில் பைசா இடிக்கும். மழை நாளில் இலையின் ஈரத்துக்காகக் கழிக்கிறீர்கள் அல்லவா? 12.5 கிலோவில் 5 சதவீதம் கழித்தால் 11.875. அதை 11.9 என்று எழுதுவதா, 11.8 என்றா? அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் ஏஜென்ட்டும் விவசாயியும். நிரல் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுக்கக் கூடாது. சோதனை எழுத உட்காரும்போதுதான் இந்தக் கேள்வியே எழும். பதிலைக் கேட்டு வாங்கி அஸர்ட்டில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மலைக்கே உரிய பிரச்சினை. ஏஜென்ட் சேமி என்று அழுத்துகிறார். கோரிக்கை சர்வருக்குப் போய்ப் பதிவாகிவிட்டது, பதில் திரும்புவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆப் மறுபடி அனுப்புகிறது. ஒரே மூட்டை இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. இந்த முறை பேச்சு தொழிற்சாலையிலிருந்து வரும். இதற்குத் தீர்வு, ஒவ்வொரு பதிவுக்கும் ஆப்பிலேயே ஒரு யூயூஐடி (வேறு எதோடும் மோதாத தனி எண்) உருவாக்கிக் கூடவே அனுப்புவது. அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிவையே திருப்பித் தர வேண்டும். சோதனையில் அதே கோரிக்கையை அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்புங்கள். இரண்டிலும் ஒரே ஐடி வர வேண்டும், மாத மொத்தம் ஒரு தடவைதான் ஏற வேண்டும். ஒரு எச்சரிக்கை: யூயூஐடி உருவாக்கும் வசதி ஹர்லின் புதிய பதிப்புகளில் உள்ளேயே இருக்கிறது, ஆனால் எழுதும் இடமெல்லாம் புதிது புதிதாக உருவாக்கும். அதை நம்பினால் உங்கள் இரண்டு கோரிக்கைகளும் வெவ்வேறு எண்ணோடு போய்ச் சோதனையே அர்த்தமற்றதாகிவிடும். சோதனையைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் ஒரு எண்ணை உருவாக்கி, மாறியாக ஹர்லுக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, தேதி. பச்சைத் தேயிலைக்கு மாவட்ட சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிப்பதால், எந்த இலை எந்த மாதக் கணக்கு என்பது நேராகப் பணத்தைத் தொடும். சர்வர் நேரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில்தான் வைத்திருக்கும். நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். 1ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.40க்கு லாரி தொழிற்சாலையில் இறக்கினால், யூடிசிப்படி அது முந்தைய மாதக் கடைசி நாள் இரவு 7.10. மாதம் பிரிக்கும் நிரல் யூடிசியைப் பார்த்தால் அந்த லோடு முழுக்கப் பழைய விலைக்குப் போகும். அந்த 12.40 நேரத்தோடே ஒரு பதிவு அனுப்பி எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். விலை இன்னும் அறிவிக்காத மாதத்துக்குக் கணக்கு கேட்டால் என்ன வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள். தொகை 0 என்று வந்தால் அது தப்பு. விலை வரவில்லை என்பதும் பணம் இல்லை என்பதும் ஒன்றல்ல.

நான்காவதைத்தான் இரண்டு பேர் குழுக்கள் அதிகம் விட்டுவிடுகின்றன. மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ ஆபத்துகள் பட்டியலில் 2019, 2023 இரண்டு பதிப்பிலும் முதல் இடம் இதற்குத்தான்: லாகின் செய்த ஒருவர், முகவரியில் ஐடியை மாற்றிப் போட்டு அடுத்தவர் பதிவைப் பார்த்துவிடுவது. ஏஜென்ட் ஒருவராக லாகின் செய்து ஒரு விவசாயியை உருவாக்குங்கள். அதே கோப்பில் இன்னொரு ஏஜென்ட்டாக லாகின் செய்து, அந்த விவசாயியின் கணக்கைக் கேளுங்கள். 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (அப்படி ஒன்று இல்லை) வர வேண்டும். 200 வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டோக்கனே இல்லாமல் கேட்டால் 401 (லாகின் வேண்டும்), எடையை மைனஸில் அனுப்பினால் 400 அல்லது 422 (அனுப்பியது தப்பு), இவையும் இதே கோப்பில் சேரலாம். பொதுவாகவே, சரியான கோரிக்கையை ஏற்கிறதா என்பதை நீங்கள் தினமும் ஆப்பில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பெயர்களைத் தமிழில் பதிகிறீர்கள் என்றால் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கோத்தகிரியின் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் டேட்டாபேஸுக்கு இரண்டு வேறு ஊர். ஒரு வடிவில் பதிந்து மறு வடிவில் தேடும் சோதனை ஒன்று எழுதுங்கள். ஜேசனில் அந்தக் குறிகளை யூனிகோட் எண்ணாகவே எழுதினால் எடிட்டர் குழப்பாது. சர்வரில் உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அப்புறம், எழுதிய சோதனை தேறிப் பச்சையாக வந்தவுடன் நம்பிவிடாதீர்கள். தசமத்தை வெட்டும் அந்தப் பழைய பிழையை வேண்டுமென்றே நிரலில் திரும்ப வைத்து ஓட்டுங்கள். சோதனை தோற்றுச் சிவப்பு வருகிறதா? எதிர்பார்த்தது 12.5, வந்தது 12 என்று ஹர்ல் வரி எண்ணோடு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கோப்பு எதையும் காவல் காக்கவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

ஓட்டுவது எப்போது? கிட்டில் புஷ் செய்வதற்கு (மாற்றங்களை மேலே அனுப்புவதற்கு) முன் தானாக ஓடும் ஹுக் என்ற ஸ்கிரிப்ட் ஒன்று வைக்கலாம். சோதனை தோற்றால் ஹர்ல் பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறும்; அஸர்ட் தோற்றால் அந்த எண் 4. ஹுக் அதைப் பார்த்து புஷ்ஷை நிறுத்திவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளவுடில் தானாகச் சோதனை ஓட்டும் சிஐ எல்லாம் பிறகு சாவகாசமாக வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டினால் புதிய ஹர்ல் பல கோப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு கோப்புகள் ஒரே விவசாயியின் கணக்கைத் தொட்டால் மொத்தம் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தப்பாகவும் வந்து தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கோப்புக்கு ஒரு விவசாயி என்று பிரித்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஜாப்ஸ் ஆப்ஷனில் 1 என்று கொடுத்தால் ஒவ்வொன்றாகப் போகும்.

ஹர்லில் இஃப், லூப் எல்லாம் எழுத முடியாது. ஈரக்கழிவு விதிகள் சிக்கலாகி, நூறு வகை எடைகளைச் சுற்றிச் சுற்றிச் சோதிக்க வேண்டும் என்றால் அதை பைடெஸ்ட் (பைத்தான் மொழியின் சோதனைக் கருவி) மாதிரி ஒன்றை வைத்து நிரல் மொழியிலேயே எழுதுங்கள். ஹர்லை வளைத்து அதைச் செய்யப் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்தால் சர்வர் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனைக்கும் ஹர்ல் கருவி அல்ல, அதற்கு கே6 என்ற கருவி இருக்கிறது.

கடைசியாக, சர்வர் முகவரியைக் கோப்புக்குள் எழுதாதீர்கள். மாறியாக வைத்து, ஸ்கிரிப்டில் உள்ளூர் முகவரியை மட்டும் கொடுங்கள். தவறி உண்மையான சர்வரில் ஓட்டினால், பறிக்காத இலைக்கு யாரோ ஒருவர் கணக்கில் 25 கிலோ ஏறியிருக்கும். லாகினுக்கு ஓடிபி வைத்திருந்தால், சோதனைக்காக ஒரு நிலையான ஓடிபியை அனுமதிப்பீர்கள், வேறு வழியில்லை. அது சோதனைச் சூழலில் மட்டும் இயங்க வேண்டும். உண்மையான சர்வருக்கென்று ஒரே ஒரு தனிக் கோப்பு வைத்து, அந்த ஓடிபியோடு லாகின் செய்யப் பார்த்து 401 வருகிறதா என்று ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் ஓட்டுங்கள்.