செங்குத்துத் துளை ஏன் உதவவில்லை?

வணக்கம் ஐயா,

எங்கள் காற்றுச் சுரங்கத்தில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓர் இறக்கை மாதிரியைச் சோதிக்கிறோம் (நாண், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 200 மி.மீ., நீளம் 400 மி.மீ.). மேற்பரப்பை விட்டுக் காற்று விலகிப் பிரிவதைத் தடுக்க 1 மி.மீ. துளைகள் 20 செங்குத்தாகப் போட்டு, கம்ப்ரசரால் ஊதினோம். ஓட்டத்தைக் காட்ட ஒட்டிய நூலிழைகள் முன்பைவிட அதிகமாகத் துடிக்கின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். எங்கே தவறு?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

தவறு முதலில் கோணத்தில். துளையிலிருந்து செங்குத்தாகப் பாயும் காற்றுத் தாரை எதிரெதிராகச் சுற்றும் சம பலமுள்ள இரட்டைச் சுழலை உண்டாக்கும். அவை ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு பரப்பை விட்டு விலகிவிடும். உங்களுக்கு வேண்டியது பரப்பை ஒட்டியே ஓடும் ஒற்றைச் சுழல். மேலேயுள்ள வேகக் காற்றை, வேகம் இழந்த எல்லைப் படலத்துக்குள் (பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு) இறக்குவது அதுதான். துளையைப் பரப்பிலிருந்து 45 பாகை சாய்த்து, தாரை காற்றோட்டத்துக்குக் குறுக்கே, இறக்கையின் நீளவாக்கில் பாயும்படி திருப்புங்கள். வெறுமனே பின்னோக்கிச் சாய்த்தால் இந்தச் சுழல் கிடைக்காது. சாய்வாகத் துளைக்கும்போது டிரில் முனை அக்ரிலிக்கில் வழுக்கும். 45 பாகையில் துளையிட்ட பித்தளைக் கட்டையை மேலே இறுக்கி, அதன் வழியே இறக்குங்கள். துளை வரிசை, காற்று பிரியும் கோட்டுக்கு 20 முதல் 40 மி.மீ. முன்னால் இருக்கட்டும். பிரிந்த பகுதிக்குள் ஊதிப் பயனில்லை.

அடுத்தது காற்று வரும் வழி. தாரை வேகம் ஓட்டத்தைப்போல் 3 மடங்கு, அதாவது நொடிக்கு 60 மீட்டர் என்று தொடங்குங்கள். 20 துளைகளுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 57 லிட்டர் போகும். இதற்குத் தேவையான அழுத்தம் 2,160 பாஸ்கல்தான்; இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். கம்ப்ரசர் ரெகுலேட்டரில் முள் அசைந்ததே தெரியாத அளவு இது! நீங்கள் 1 பார் (1,00,000 பாஸ்கல்) வைத்திருந்தால் தாரை எல்லைப் படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருக்கும். கூட்டக் கூட்ட மோசமானது அதனால்தான். காற்றைச் சிறுகச் சிறுகத் திறக்கும் நீடில் வால்வு போட்டு, துளைகளுக்குக் காற்றைப் பங்கிடும் உள்ளறையில், நீர்மட்ட வேறுபாட்டால் அழுத்தம் காட்டும் யூ குழாயை இணைத்து 220 மி.மீ. நீர் உயரத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு 15.7 ச.மி.மீ.; கம்ப்ரசரிலிருந்து 4 மி.மீ. உள்விட்டக் குழாய் போட்டிருந்தால் அதன் பரப்போ 12.6தான். குழாயே நெரித்துவிடும். உள்ளறை 15 × 15 மி.மீ. இருந்தால் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் வேறுபாடு குறையும்.

விட்டுவிட்டு ஊதினால் காற்று மிச்சம். பிரிந்த பகுதி 100 மி.மீ. நீளமென்றால் 200 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கலாம். இப்படி விட்டுவிட்டுத் திறக்கும் வால்வைத் துளைக்கு ஒட்டியே வையுங்கள். நீளக் குழாய் துடிப்பைத் தின்றுவிடும். வால்வே இல்லாமல் தாரையை இருபுறமும் வீசவைக்கும் வழியும் உண்டு. நாசாவும் போயிங்கும் 2015இல் 757 விமானத்தின் செங்குத்து வாலில் அப்படி 31 ஊதுவாய்களைப் பொருத்திப் பறந்து பார்த்தன. உங்கள் அளவில் மேலே சொன்ன சாதாரணச் சாய்துளைகளே போதும்.

ஒப்பீட்டுக்குத் துளைகளை மூடி ஒருமுறை, திறந்துவைத்து ஊதாமல் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மூடுவதற்கு டேப் வேண்டாம், அதன் விளிம்பே ஓட்டத்தைக் கலைக்கும். மெழுகு நிரப்பிச் சமமாக வழித்துவிடுங்கள்.