மூன்று நேரு ஸ்டேடியம்

அண்ணா, வணக்கமுங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கால்பந்தில் 'சென்னையின் எஃப்சி' என்கிற அணி, ஹாக்கியில் தமிழ்நாடு டிராகன்ஸ், இரண்டையும் விடாமல் பார்க்கிறவன். வருசத்துக்கு மூன்று நான்கு தடவை சென்னைக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் இதை ஒரு வியாதி மாதிரிப் பேசுகிறார்கள். "மெட்ராசுக்காரன் தோத்தா உனக்கென்னடா?" என்கிறார் அப்பா. போக்குவரத்துச் செலவை எல்லாம் கூட்டிப் பார்த்து, இதுக்கு ஒரு பழைய ஓவர்லாக் மிசினே வாங்கிப் போட்டிருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். கம்பெனியில் பசங்க எல்லாரும் மான்செஸ்டர், மாட்ரிட். போன வருசம் லீக்கே நின்றுபோனபோது "உங்க டீம் இருக்குதா, இல்ல டிஸ்கவுண்ட் சேல்ல போட்டுட்டாங்களா?" என்று ஓட்டித் தள்ளினார்கள். நம்ம ஊருக்கென்று ஒரு அணி இல்லாதபோது, 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அணியை நம்முது என்று சொல்லிக்கொள்வது அசட்டுத்தனமா? கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போன கதையை நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பெயர் வேண்டாமுங்க,
திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஓவர்லாக் மிசின் விசயத்தில் அப்பாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நம் பக்கத்து அப்பாக்கள் கூட்டல் கழித்தலில் தப்பு விட்டு நான் பார்த்ததில்லை.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்க்கலாம். கிலோமீட்டரை வைத்துத்தான் அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நீங்களும் நானும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கொச்சி அணியான கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கத்த வேண்டும். கோவையிலிருந்து கொச்சி 200 கிலோமீட்டருக்குள், பெங்களூர் அதற்கு அடுத்தது, மூன்றிலும் தூரம் சென்னைதான். கோவையில் நிறையப் பையன்கள் அப்படித்தான் பாலக்காட்டு வழியாக ரயிலேறிக் கொச்சிக்குப் போகிறார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. கோவையில் இருப்பது நேரு ஸ்டேடியம், சென்னை பெரியமேட்டில் இருப்பதும் நேரு ஸ்டேடியம், கொச்சி கலூரில் இருப்பதும் நேரு ஸ்டேடியம். பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாத நாட்டில் இருந்துகொண்டு நாம் ஊர்ப்பெயரைப் பற்றி இவ்வளவு விசாரப்படுகிறோம்.

நீங்கள் "நம்ம ஊருக்கென்று ஒரு அணி இல்லாதபோது" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இருந்தது, தம்பி. சென்னை சிட்டி எஃப்சி என்று பெயர், உங்கள் 'சென்னையின்' வேறு, இது வேறு. 2017-18 பருவத்தில் அவர்கள் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு ஐ-லீக் என்கிற தேசியக் கால்பந்து லீக்கில் ஆடினார்கள். பெயரில் சென்னை என்று இருந்ததால் கோவைக்காரர்களில் பாதிப்பேர் அதை வெளியூர் அணி என்றே வைத்திருந்தார்கள், சென்னைக்காரர்களுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. முதல் தடவை உள்ளே போனதே தற்செயல். ஸ்டேடியத்தைச் சுற்றி வரிசையாக ஸ்போர்ட்ஸ் கடைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் பையனின் ஷட்டில் பேட்டுக்கு கிரிப் மாற்றக் கொடுத்துவிட்டு வெளியே நின்றிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம், பிறகு பேண்டு அடிக்கிற மாதிரி ஒரு கொட்டு. "என்னங்க அது?" என்றேன். "புட்பாலுங்க, தினம் ஒருத்தனாவது வந்து கேக்கறான், ஒருத்தனும் உள்ள போக மாட்டேங்கறான்" என்றார் கடைக்காரர். ரோசப்பட்டு உள்ளே போனேன். பேட்டை வாங்க மறுநாள்தான் போனேன்.

அதற்கடுத்த பருவம், 2018-19, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற மாதிரி ஒன்று. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். மாஞ்சி என்கிற பெத்ரோ மான்சி முன்னால் நின்று அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். (காலரியில் எங்கள் பக்கம் அவர் பெயர் மாஞ்சிதான். பழனிக்குப் பக்கத்து ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொல்வார்.) ஸ்பானியர்கள் நாலைந்து பேர், மற்றபடி தமிழ்நாடு, கேரளம், வடகிழக்குப் பையன்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டமே கிடையாது, கோல்கீப்பரிடமிருந்து தரையோடு தரையாகத் தட்டித் தட்டித்தான் கொண்டுவருவார்கள். ஆரம்பத்தில் எங்கள் பின்னால் இருந்தவர்கள் "அடிச்சு விடுங்கடா" என்று கத்துவார்கள், ஜனவரிக்கு மேல் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. நமக்கு எதிரே மினர்வா பஞ்சாப், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் 0-1. எனக்கு முன்வரிசையில் வேலை முடிந்து நேராக வந்திருந்த ஒரு லேத் பட்டறை ஆள் இருந்தார், விரல் நகமெல்லாம் கிரீஸ். அவர் கையிலிருந்த போனில்தான் எங்கள் வரிசை முழுவதும் கோழிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீனைச் சட்டையில் துடைப்பார், மறுபடி கிரீஸ் படியும். ரெண்டாவது பாதியில் பெனால்டியில் மாஞ்சி சமன் செய்தார். டிராவில் முடிந்து ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு, அது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் கௌரவ் போரா, அசாம்காரர், கோல் போடுவது அவர் வேலையே இல்லை, பின்னால் நின்று தடுக்கிறவர், அவர் ஒன்று போட்டார். அங்கே கோகுலம் முன்னிலை என்று ஒரு கூச்சல், கொஞ்ச நேரத்தில் இல்லை இல்லை ஈஸ்ட் பெங்கால் ரெண்டு போட்டுவிட்டது என்று இன்னொரு கூச்சல். ஆக, இங்கே ஒன்று திரும்பினால் எல்லாம் போச்சு. கடைசி நிமிடங்களில் நான் புல்தரையைப் பார்க்கவே இல்லை, அந்த ஆளின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிகிற நேரத்தில் போராவே இன்னொன்றும் போட்டு 3-1. ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் ஜெயித்தது அதுதான் முதல் தடவை, அது நடந்தது வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில்! அந்த லேத் பட்டறை ஆள் என்னைக் கட்டிப்பிடித்ததில் சட்டை போயே போயிற்று. வீட்டில் கிரீஸ் கறையைப் பார்த்துவிட்டு வண்டி ரிப்பேரா என்று கேட்டார்கள்.

திருப்பூரிலிருந்து 50 கிலோமீட்டர். நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்க மாட்டேன், கல்லூரியில் இருந்திருப்பீர்கள். ஆனால் ஊருக்கு அணி இல்லை என்று இங்கே யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. வந்தது, ஜெயித்தது, நாம்தான் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டு வெளியே நின்றோம்.

பிறகு நடந்தது சீக்கிரம் நடந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது, எல்லாரும் மேலே மேலே என்று பேசினோம். மாஞ்சி ஜப்பான் போனார். 2020 மார்ச்சில் கொரோனா வந்து லீக் பாதியில் நின்றது. அடுத்த பருவம் முழுவதும் கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் பூட்டிய மைதானத்தில் நடந்தது, அதோடு ஐ-லீக்கில் அவர்கள் பெயர் இல்லை. கோவையில் நான் பார்த்த கடைசி ஆட்டம் கடைசி ஆட்டம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பத்து நிமிடம் முன்னதாக எழுந்து பார்க்கிங்கில் வண்டி எடுக்கப் போயிருக்க மாட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் உங்கள் கம்பெனிப் பசங்க கேட்ட டிஸ்கவுண்ட் சேல் கேள்வி எனக்கு அவ்வளவு வேடிக்கையாக இல்லை. இந்தியக் கால்பந்து சங்கமும், சென்னையின் ஆடுகிற ஐஎஸ்எல் லீக்கை (ஐ-லீக் வேறு, இது வேறு) நடத்திய நிறுவனமும் 2010-ல் போட்ட 15 வருச ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது, புதுப்பிக்கிற பேச்சு முடியாததால் 2025 ஜூலையில் சீசனையே நிறுத்திவைத்தார்கள், கடைசியில் 2026 பிப்ரவரி 14-ல்தான் பந்து உருண்டது. 2015-ல் கோவாவிலும் 2018-ல் பெங்களூரிலும் எதிரணியின் சொந்த மைதானத்தில் அதே 3-2 கணக்கில் கோப்பை தூக்கிய சென்னையினுக்கே இந்தக் கதி. மான்செஸ்டர் ரசிகனுக்கு அணி தோற்குமே என்கிற பயம் மட்டும்தான். நமக்கு அணி இருக்குமா என்கிற பயமும் சேர்த்து. ஒரே டிக்கெட்டில் ரெண்டு பயம், அந்த வகையில் நமக்குத்தான் லாபம் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ஹாக்கி இன்னும் மோசம். 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. 2012-ல் வேறொரு லீக், அதில் சென்னை சீட்டாஸ், ஒரே வருசம். 2013-லிருந்து 2017 வரை ஹாக்கி இந்தியா லீக் நடந்தது, அதில் தமிழ்நாட்டு அணியே கிடையாது. பிறகு ஏழு வருச இடைவெளி, 2024 டிசம்பரில் லீக் திரும்பியபோது தமிழ்நாடு டிராகன்ஸ், அதுவும் முதல் பருவத்தில் ஆடியதெல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும். இருபது வருசத்தில் மூன்று பெயர், மூன்று சட்டை. இதில் நான் சட்டையைப் பின்தொடர்வதை எப்போதோ விட்டுவிட்டேன். கால்பந்தில் மைதானத்தைப் பிடித்துக்கொள்கிறேன், ஹாக்கியில் பையன்களை. 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி, ஜப்பானை 5-0 அடித்தோம், ஐந்தாவது கோல் கார்த்தி செல்வம். அரியலூர்ப் பையன், கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். இந்தியச் சட்டையில், சொந்த மாநிலத்து மைதானத்தில். மறுநாள் இறுதிப் போட்டியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும், எனக்கு அந்த ஐந்தாவது கோல்தான் நிற்கிறது. லீக் போகும் வரும், இந்தப் பையன்கள் எங்காவது ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

டிவியில் ஹாக்கி பார்த்துவிட்டு ஒன்றும் புரியவில்லை என்பவர்களை நான் குறை சொல்வதில்லை, பந்தே கண்ணுக்குத் தெரியாது. நேரில் கோலுக்குப் பின்னால் உட்கார வேண்டும். பெனால்டி கார்னர் விசில் ஊதியதும் தடுக்கிற பக்கத்தில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று முகமூடி மாட்டுவார்கள், அந்த ஸ்ட்ராப் ஒட்டுகிற சத்தம்கூடக் கேட்கும். ஒருத்தர் பந்தைத் தள்ளுவார், வட்டத்துக்கு வெளியே ஒருத்தர் நிறுத்துவார், இன்னொருத்தர் குனிந்து மட்டையோடு இழுத்துச் சுண்டுவார். மட்டையை ஓங்கி அடித்தால் முதல் அடி கோல் பலகை உயரத்துக்குள், அதாவது 46 சென்டிமீட்டருக்குள் போனால்தான் கோல். சுண்டினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் எல்லாரும் சுண்டுகிறார்கள். நனைந்த நீலத் தரையிலிருந்து தண்ணீர் ஒரு விசிறி மாதிரி எழும்பும், அது கீழே விழுவதற்குள் பலகையில் "டக்". அந்தச் சத்தத்துக்காகவே போகலாம்.

எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: அசட்டுத்தனம்தான், தொடருங்கள். அணி நம்முதா என்று யாராவது கேட்டால் போன ஆட்டத்தில் எந்தப் பக்கக் காலரியில் இருந்தாய் என்று திருப்பிக் கேளுங்கள். சென்னையிலேயே பிறந்து ஒரு ஆட்டமும் பார்க்காதவனைவிட, முந்தின நாள் ராத்திரி ரயிலேறி வந்து நிற்கிற திருப்பூர்க்காரனுக்கு அந்த அணியில் பங்கு அதிகம்.

இன்னொன்று. அப்பாவையும் ஒரு தடவை கூட்டிப் போங்கள், ஆனால் கால்பந்துக்கு வேண்டாம், தொண்ணூறு நிமிடம் 0-0 என்று முடிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். ஹாக்கிக்குக் கூட்டிப் போங்கள். பதினைந்து பதினைந்து நிமிடமாக நாலு கால்பகுதி, அறுபது நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும். பச்சை அட்டைக்கு ரெண்டு நிமிடம் வெளியே, மஞ்சளுக்கு ஐந்து நிமிடம், ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கம்பெனியில் ஷிப்ட் மாற்றுகிற மாதிரி. அவருக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். எழும்பூர் ஸ்டேடியம் முடிந்து ஆட்டோ பிடித்தால் சென்ட்ரலில் ராத்திரி பத்து மணிவாக்கில் சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விடியும்போது திருப்பூர். லோயர் பெர்த் பார்த்துப் போடுங்கள், டிக்கெட் காசை மட்டும் அவர் கேட்கிறவரை சொல்லாதீர்கள்.