தினமும் செஸ் ஆடியும் ரேட்டிங் ஏறவில்லை. பயிற்சி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

வேலை முடிந்து தினமும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது, பிளிட்ஸும் (சில நிமிட வேக ஆட்டம்) புதிர்களுமாகப் போகிறது, ரேட்டிங் நகரவில்லை, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன், பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். நேரத்தைப் பங்கு போடுவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் வாரம் ஒரு நீண்ட ஆட்டம் ஆடி, நகர்த்தல்களை எழுதி வையுங்கள். உங்களுக்கு எது குறைகிறது என்று அந்தத் தாள்தான் காட்டும்.

எங்களிடம் வரும் ஒரு பையன் புதிர்களில் படுகெட்டிக்காரன். மூன்று நகர்த்தலில் மேட் என்றால் பார்த்ததும் சொல்லிவிடுவான். கோயம்புத்தூரில் ஒரு போட்டியில் கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டு, "சார், ஒரு சிப்பாய்தானே கம்மி, டிரா ஆகியிருக்காதா?" என்று வேலந்தாவளம் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் கேட்டான். தாளைப் பிரித்துப் பார்த்தோம். எதிராளிக்கு யானையும் (ரூக்) இ5 (e5) கட்டத்தில் சிப்பாயும், இவனுக்கு யானை மட்டும், ராஜா இ8-ல். யானையை ஆறாம் வரிசையிலேயே வைத்து எதிர் ராஜாவை ஏறவிடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் இ6-க்கு வந்ததும் யானையை முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் டிரா. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய வழி இது. இவனோ ஆறாம் வரிசையை விட்டுவிட்டு, யானையைக் கடைசி வரிசையில் முடக்கியிருந்தான். நடுச் சிப்பாய்க்கு எதிராக அந்தத் தற்காப்பு தாங்காது. அதன் பிறகு சில வாரம் அவனுக்குப் புதிரைக் குறைத்து யானை இறுதியாட்டம் (காய்கள் குறைந்து யானைகள் மிஞ்சும் கடைசிக் கட்டம்) மட்டும் கொடுத்தேன்.

இறுதியாட்டத்தை ஆரம்பக்காரர் பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டமே இறுதியாட்டத்தில்தான் கைமாறியது. 14-ஆவது ஆட்டத்தில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2-ல் வைத்தார். குகேஷ் யானைகளையும் மந்திரிகளையும் (பிஷப்) மாற்றிக்கொண்டு, வெல்லக்கூடிய சிப்பாய் ஆட்டத்துக்குப் போக அதில் வழி திறந்தது.

புதிரை விடச் சொல்லவில்லை. தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் கடைசி நகர்த்தல்வரை மனதிலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் காயைத் தொட வேண்டும். பிளிட்ஸ், படித்த தொடக்கத்தைச் சரிபார்க்க மட்டும். தொடக்கங்களை வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். புதிது புதிதாகத் தேடுவதை நான் ஊக்குவிப்பதே இல்லை.

முக்கியமாக, ஆட்டம் முடிந்த கையோடு இன்ஜினை (சிறந்த நகர்த்தலைச் சொல்லும் கணினி நிரல்) திறக்காதீர்கள். எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள் என்று நீங்களே எழுதி முடித்த பிறகு திறங்கள். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் குகேஷ் பயின்ற ஆரம்ப ஆண்டுகளில் இன்ஜினைத் தள்ளியே வைத்திருந்தார்கள். கணக்கிடும் பழக்கம் அப்படித்தான் வரும் என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

நேரில் உட்கார்ந்து ஆட ஆள் இல்லையென்றால் லிசெஸ் தளத்தில் 30 நிமிடமும் நகர்த்தலுக்கு 20 நொடியும் உள்ள ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். காசு வேண்டாம். போனை விட்டுவிட்டு, நிஜப் பலகையில் காய்களை அடுக்கிக்கொண்டு ஆடுங்கள்.