அறை காலை 11 வரை, விமானம் இரவு 10 மணிக்கு: நடுவில் எதைப் பார்க்கலாம்?

கேள்வி: அடுத்த மாதம் 5 நாள் பயணமாக ஒரு பெருநகருக்குப் போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. கடைசி நாள் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். விமானம் இரவு 10 மணிக்கு. அருங்காட்சியகம், உயரமான கோபுரம், ஊருக்கு வெளியே இருக்கும் உயிரியல் பூங்கா, கடைத்தெரு ஆகிய நான்கையும் அந்த நாளுக்கு என்று வைத்திருக்கிறோம். முடியுமா?

பதில்: நான்கும் முடியாது. ஒன்றை நிம்மதியாகப் பார்க்கலாம். மனம் ஒப்பாது என்று தெரியும், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெளிநாட்டு விமானம் என்றால் 3 மணி நேரம் முன்னதாக, அதாவது 7 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மாலை நெரிசலில் அங்கே போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் வையுங்கள், ஆக 5.30க்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஹோட்டலில் பெட்டிகளை வாங்கி, எல்லோரும் கழிப்பறை போய், சின்னவனுக்கு உடை மாற்ற முக்கால் மணி நேரம். அப்படியென்றால் ஹோட்டலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் 4.45. காலையில் பெட்டி கட்டி அறையைக் கொடுத்துவிட்டு 11 மணிக்கு வெளியே வந்தால், போகவர ஒரு மணி நேரமும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமும் போக, கையில் நிற்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. இரவு 10 மணி விமானம் என்றதும் முழுநாள் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இருப்பது அரைநாள்தான்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். உயிரியல் பூங்காவை முதல் மூன்று நாட்களில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். ஊருக்கு வெளியே இருக்கும் எதுவும் கடைசி நாளுக்கு ஆகாது. திரும்பும் வழியில் ஒரு ரயில் தாமதமானால் அந்தப் பதற்றம் வீடு வந்து சேரும்வரை விடாது.

கடைத்தெருவை முந்தைய நாள் மாலைக்குத் தள்ளுங்கள். கட்டி முடித்த பெட்டியில் புதுப்பொருளுக்கு இடம் இருக்காது. எல்லாம் கைப்பையில் ஏறும். தண்ணீர் அடைத்த கண்ணாடி உருண்டை பொம்மையை ஆசையாய் வாங்கிய ஒரு சிறுமியிடமிருந்து, பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்து வைத்துவிட்டதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவத்தைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பொம்மைக்குள் இருந்தாலும் சரி. விமானம் ஏறும்வரை அவள் வெறுங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாளே வாங்கியிருந்தால் அது பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாகப் போயிருக்கும். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: அது கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. இன்னொன்று, சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் நாடாக இருந்தால், பொருளைக் காட்டச் சொல்லலாம். அதனால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அந்த கவுன்டரைத் தேடிப் போங்கள்.

மிச்சம் அருங்காட்சியகமும் கோபுரமும். அருங்காட்சியகம் என்றால் முதலில் விடுமுறை நாளைப் பாருங்கள். பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, அதே ஊரின் ஓர்சேவுக்குத் திங்கள், நியூயார்க்கின் மெட்ரோபாலிடனுக்குப் புதன். பூட்டிய வாசலில் கடைசி நாளைத் தொலைத்தவர்கள் நிறைய பேர். திறந்திருந்தாலும் உங்கள் மாமியாரை நினைத்து யோசிக்கிறேன். நின்று நின்று நகர்வது, நேராக நடப்பதைவிட முழங்காலைப் படுத்தும். 1916லேயே பெஞ்சமின் கில்மன் என்பவர் இந்த அருங்காட்சியகக் களைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். குனிந்தும் எட்டியும் பார்க்கவைக்கும் காட்சிப் பெட்டிகளே உடலை எப்படிக் களைப்படைய வைக்கின்றன என்று படங்களோடு காட்டினார்.

கோபுரத்துக்குப் போவதானால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஏறுவதற்கு வரிசை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், இறங்கவும் லிஃப்டுக்கு வரிசை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பிள்ளைகள் கிளம்ப மனமில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்த இடம் ஒன்று இருக்கும்: ஒரு பூங்கா, ஆற்றங்கரை, படகுத்துறை. அங்கேயே மறுபடி போங்கள். வழி தெரியும், கழிப்பறை எங்கே என்று தெரியும், மாமியார் உட்கார நிழல் எங்கே என்றும் தெரியும். மகளுக்கு அருங்காட்சியகம்தான் வேண்டுமென்றால் அப்பாவும் அவளும் மட்டும் போய்வரட்டும். கடைசி நாளில் குடும்பம் இரண்டாகப் பிரிவதில் தப்பே இல்லை. கடைசி நாளை இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவர் சகாக்களும் 1993ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் குளிர்ந்த நீரில் 60 விநாடி கை வைத்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, குளிர் சற்றே குறைந்த நீரில் 30 விநாடி கூடுதலாக வைத்தார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். பயணமும் அப்படித்தான் நினைவில் நிற்கிறது. நாலு இடத்துக்கு ஓடி, வாடகைக் காரில் ஒருவரையொருவர் கடிந்துகொண்டு முடிந்தால், முதல் நாலு நாளின் சந்தோஷத்திலும் அந்தக் கசப்பு ஏறிவிடும்.

பெட்டிகளைப் பெரும்பாலான ஹோட்டல்கள் மாலை வரை வைத்துக்கொள்ளும்; டோக்கனை வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், நகை, மாமியாரின் மாலை நேர மாத்திரை, சின்னவனுக்கு ஒரு மாற்றுடை இவை உங்கள் தோளிலேயே இருக்கட்டும். கோலாலம்பூர் சென்ட்ரல், ஹாங்காங் ஸ்டேஷன் போன்ற இடங்களில் சில விமான நிறுவனங்களின் பயணிகள் ஊருக்குள்ளேயே பெட்டியை ஒப்படைத்துவிடலாம். நீங்கள் போகும் ஊரில் அந்த வசதி இருந்தால் ஹோட்டலுக்குத் திரும்பும் வேலையே மிச்சம்.

அப்புறம், மாமியாருக்குச் சக்கர நாற்காலி கேட்டுவிட்டீர்களா? விமான நிலையத்தில் நடக்க வேண்டிய தூரம் பெரியது, அதுவும் நாள் முழுக்க அலைந்த பிறகு. குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது. நடக்க முடிகிறதே என்று அவர் மறுத்தாலும் டிக்கெட்டில் பதிந்து வைத்துவிடுங்கள், போகும்போதும் திரும்பும்போதும் இரண்டுக்கும்.