கியர்பாக்ஸை இறக்கும் முன்: பழைய காரில் திடீர் ஆயில் கசிவு

கேள்வி: என்னிடம் 1960களில் தயாரான, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. நிறுத்தும் இடத்தில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் அது ஆயில் சிந்தியதே இல்லை. பல மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டிக்கு அண்மையில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். அதன்பின் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நிறுத்தியபோது, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஆயில் விடாமல் சொட்டியது. பின்பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால், தேய்மானத்தால் போகும் சீல் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் கசியத் தொடங்கும். நேற்றுவரை இல்லாத கசிவு இன்று பெருகினால், இடையில் எது மாறியது என்பதையே முதலில் தேட வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன: நீண்ட நாள் ஓடாமல் நின்றது, பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாறியது. இரண்டையும் சோதித்து முடிக்கும்வரை கியர்பாக்ஸில் கை வைக்கத் தேவையில்லை.

அதற்குமுன் பாதுகாப்பு. சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியபின், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஆயில் ஊற்றாமல் என்ஜினை இயக்கவே கூடாது. சிவப்பு விளக்கு எரியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் மிகவும் விழுந்தபிறகே எரியும், அதற்குள் பேரிங் கெட்டுவிடக்கூடும். சூடான எக்ஸாஸ்ட் குழாயின்மேல் ஆயில் விழுந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பதென்றால் ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டு கொடுத்தபின்பே நுழையுங்கள்.

சொட்டுவது என்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கியர் ஆயில் பொதுவாகத் தடிப்பாக இருக்கும். பலவற்றில் கந்தக நெடி அடிக்கும். கிளட்ச் ஹைட்ராலிக் முறையில் இயங்கும் வண்டியில் அதன் திரவமும் இதே இடத்தில் கசியும். பிரேக் திரவம் என்ற சந்தேகம் வந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

என்ஜின் ஆயில்தான் என்றால், கடைசியாகக் கழற்றி மாட்டிய ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதுண்டு. அதன்மேல் புதிய வளையம் உட்கார்ந்தால் தொடக்கத்தில் கசியாமலும் இருக்கலாம். வேகமாக ஓட்டி அழுத்தம் ஏறும்போது இரட்டை வளையம் பிதுங்கி ஆயிலைப் பீய்ச்சிவிடும். கிண்ணத்துக்குள் வடிகட்டியை மட்டும் மாற்றும் கிண்ண வகை ஃபில்டரில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் வளையம் ஆழமான பள்ளத்துக்குள் கருத்து, இறுகி, உலோகத்தோடு உலோகமாகத் தெரியும். கூர்மையான கொக்கியால் மெல்ல நெம்பிப் பார்த்தால்தான் பழையது உள்ளே இருக்கிறதா என்பது விளங்கும். சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) போல்ட்டின் வாஷரையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்து, மீண்டும் டிப்ஸ்டிக். இம்முறை அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறி ஊற்றியிருந்தால் கூடுதலை இறக்கினாலே கசிவு நின்றுவிடக்கூடும். சரியான அளவு ஊற்றியும் ஏறியிருந்தால், ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர்போல் ஓடினால், என்ஜினில் பொருத்திய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்து, பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயஃப்ரம் காய்ந்து வெடிப்பது வழக்கமான கோளாறு. இளகிய ஆயில் நல்ல சீலைக்கூடத் தாண்டி வரும். பேரிங்குக்கும் கேடு, தீ அபாயமும் உண்டு. பம்ப்பைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் இந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பலரும் கவனிக்காமல் விடும் இடம் ப்ரீதர். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதுமே கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது ப்ரீதர் குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் உள்ளே உப்பி அடைத்தாலோ, கம்பி வலையில் கசடு படிந்தாலோ, நின்ற காலத்தில் பூச்சி கூடு கட்டினாலோ, உள்ளே சேரும் அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். நெடுஞ்சாலையில் ஓட்டியபின் மட்டும் கசிவு பெருகுவதற்கு இது மிகப் பொருத்தமான காரணம். பலகாலமாக ஒன்றிரண்டு சொட்டு விட்டுவந்த சீலும் இப்போது கொட்டத் தொடங்கும். பழி மட்டும் சீல்மேல் விழும். சோதனை எளிது: ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, என்ஜின் ஐடிலில் ஓடும்போது மெல்லிய தாள் ஒன்றை அந்த வாயின்மேல் பிடியுங்கள், ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையும் உடையும் தள்ளியே இருக்கட்டும். பி.சி.வி. வால்வு (இந்த வாயுவை என்ஜினே மீண்டும் உறிஞ்சிக்கொள்ள உதவும் வால்வு) உள்ள வண்டியில் தாள் லேசாக உள்ளே இழுபட வேண்டும். வெறும் குழாய் மட்டுமுள்ள பழைய அமைப்பில் இழுவை இராது, மெல்லிய படபடப்பு இருக்கும். தாளைத் தூக்கி எறியும் அளவுக்குப் புகை தள்ளினால் ப்ரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதன்பிறகும் தள்ளினால், சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையும் லீக்-டவுன் சோதனையும் செய்து ரிங்குகளின் நிலையை அறிய வேண்டும். அந்நிலையில் புது சீல் போட்டாலும் அது நெடுநாள் தாங்காது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், கசியும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதே ஒரே வழி. ஆயில் ஈர்ப்பால் கீழேயும், ஓட்டக் காற்றால் பின்னேயும் போவதால், சொட்டும் இடம் பெரும்பாலும் கசியும் இடமாக இருப்பதில்லை. என்ஜினை டீகிரீசர் போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்தபின் இணைப்புகளின்மேல் டால்கம் பவுடர் தூவுங்கள். அடியில் அட்டையை விரித்து, என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். பிறகு என்ஜினை நிறுத்தி, டார்ச் விளக்கோடு மேலிருந்து கீழாகப் பார்த்து வந்தால், ஈரம் தொடங்கும் மிக உயரமான, மிக முன்பக்க இடத்தில்தான் கசிவு இருக்கும்.

இங்கே சில இடங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் கார்க் கேஸ்கெட் சுருங்கியிருந்தால், ஆயில் ஹெட்டின் பின்புறமாக யார் கண்ணிலும் படாமல் வழிந்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள கிளட்ச் கூட்டின்மேல் நேராக இறங்கி, பின் சீல் போனதுபோலவே காட்டும். ஆயில் பிரஷர் சுவிட்சும் அப்படித்தான்: உள்ளே உள்ள சவ்வு கிழிந்தால் ஒயர் மாட்டும் முனையின் வழியாகவே ஆயில் வரும். அந்த முனையை மூடும் ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சுவிட்சை மாற்றிவிடலாம். பிரஷர் கேஜுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். அது அழுத்தத்தில் உள்ள குழாய் என்பதால், அறுந்தால் சம்ப் வெகு விரைவில் காலியாகிவிடும்.

கார்க் கேஸ்கெட் கசிகிறது என்று போல்ட்டை மேலும் இறுக்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. தகரக் கவரின் விளிம்பு போல்ட்டைச் சுற்றிக் குழிந்து, இடைப்பட்ட பகுதி தூக்கிக்கொள்ளும். கசிவு கூடத்தான் செய்யும். விளிம்பைச் சமமாகத் தட்டி நேராக்கி, புது கேஸ்கெட் வைத்து, அளவான இறுக்கம் கொடுப்பதே முறை. சிலிக்கான் பசையை அள்ளி அப்பினால், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கக்கூடும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, கிளட்ச் கூட்டின் அடித்துளையிலிருந்து மட்டும் ஆயில் வந்தால், அப்போது மெக்கானிக் சொன்னதை ஏற்கலாம். ஒரு விளக்கம் மட்டும்: உங்கள் என்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீல் இருக்கிறதா என்பதை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மோரிஸ் மைனர், தொடக்ககால எம்.ஜி.பி. போன்ற வண்டிகளில் கிராங்க்கில் திருகு வரி வெட்டி, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் ஏற்பாடுதான் உண்டு. அத்தகைய என்ஜின் நின்றபின் சில சொட்டு விடுவது இயல்பு. வேறு சில என்ஜின்களில் கயிற்று சீல் இருக்கும். நெடுநாள் நின்றால் அது காய்ந்து சுருங்கும்.

கியர்பாக்ஸை இறக்குவதென்று முடிவானால், கேம்ஷாஃப்ட்டின் பின்முனை மூடியையும் கியர்பாக்ஸின் முன் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் அதே துளையில்தான் சொட்டும். கிராங்க்கின் பின் பேரிங் தேய்மானத்தையும் அளக்க வேண்டும், ஏனென்றால் கிராங்க் ஆடினால் எந்த சீலும் நிற்காது. கிளட்ச் தட்டில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்து மாட்டாமல் தட்டையே மாற்றுங்கள். கசிவை நிறுத்துவதாகச் சொல்லும் திரவங்களை அதற்குமுன் ஊற்ற வேண்டாம்; அவை ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கலாம், கார்க்கையோ திருகு வரியையோ சரிசெய்யாது.