ஃப்ளோட் ட்யூபுக்கு எந்த மின் மோட்டார், எவ்வளவு பேட்டரி வாங்கலாம்?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன், எடை 78 கிலோ. ஃப்ளோட் ட்யூபில் உட்கார்ந்து தூண்டில் போடுவது பழக்கம். காலால் உதைத்து உதைத்து முழங்கால் வலிக்கிறது. 30 பவுண்டு முதல் 55 பவுண்டு வரை தள்ளுவிசை உள்ள மின் மோட்டார்கள் விற்கிறார்கள். எதை வாங்குவது? வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியே போதுமா? ஏற்காட்டுக்கும் கொண்டு போக ஆசை.

பதில்:

30 பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் பணமும் வீண், இடுப்பும் வீண். இன்வெர்ட்டர் பேட்டரியை நகர்த்தவே நகர்த்தாதீர்கள், அது வீட்டு ஃபேனுக்கே இருக்கட்டும். உங்கள் கேள்வியில் மோட்டார் முன்னாலும் பேட்டரி பின்னாலும் இருக்கிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். யோசிக்க வேண்டிய வரிசை அதற்கு நேர் எதிர்.

ஃப்ளோட் ட்யூப் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. கிணற்றில் நீச்சல் பழக லாரி ட்யூபை மாட்டிக்கொண்டு குதித்தோமே, அதற்குப் படித்த தம்பி இது. குதிரை லாடம் போல வளைந்த காற்று மிதவை, நடுவில் இருக்கை, முழங்காலுக்குக் கீழே தண்ணீரில், பாதத்தில் ரப்பர் ஃபின். ஃபினால் உதைத்தால் பின்பக்கமாகத்தான் நகரும்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாங்கிய புதிதில் காரில் இருந்த 35 ஆம்பியர்-அவர் பேட்டரியைக் கழற்றி ட்யூபில் வைத்துக்கொண்டு, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிப் பக்கம் இறங்கினேன். அணையில் தண்ணீர் நன்றாக இறங்கும்போது பழைய நந்தி தலை காட்டும் இடம். ஆடி மாதம். காலையில் காற்று சும்மாதான் இருந்தது. 35 ஆம்பியர்-அவர், மோட்டார் முழு வேகத்தில் இழுப்பது 30 ஆம்பியர், ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று மனக்கணக்கு. போகும்போது காற்று முதுகில் இருந்ததால் சொகுசாகப் போனேன். திரும்பும்போது அது முகத்தில் அடித்தது. அரை மணி நேரத்தில் மோட்டார் மூச்சு வாங்கியது. அப்புறம் ஃபினால் உதைத்தேன். உதைக்க உதைக்க, கரை இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் பரிசலில் வலை எடுக்க வந்த பெரியவர் ஒருவர் கயிறு போட்டு இழுத்து வந்தார். "ஏன் தம்பி, ஆடிக் காத்துல இந்த ட்யூப்ப நம்பியா வந்தீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் மனக்கணக்கில் இரண்டு ஓட்டை. முதலாவது, பேட்டரி மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-அவர் பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. 35 என்றால் 1.75 ஆம்பியர் வீதம் மெதுவாக 20 மணி நேரம் தரும் என்று பொருள். அதையே 30 ஆம்பியர் வீதம் உறிஞ்சினால், ஈயப் பேட்டரி அந்த 35-ஐ முழுதாகத் தராது, பாதி சொச்சம்தான் வரும். இரண்டாவது, கார் பேட்டரி என்பது செல்ஃப் எடுக்கும் சில நொடிகளுக்கு மட்டும் பெரிய மின்னோட்டத்தைக் கொட்டுவதற்காக மெல்லிய தகடுகளால் செய்தது. அதை அடிவரை காலி செய்தால் தகடு கெடும். அந்த ஒரு நாளோடு என் கார் பேட்டரியும் போய்ச் சேர்ந்தது.

இன்வெர்ட்டர் ட்யூபுலர் பேட்டரியின் தகடு தடிமன், ஆழமாகக் காலி செய்தாலும் தாங்கும். அந்த வகையில் நல்ல பேட்டரிதான். ஆனால் 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் அமிலத்தோடு ஐம்பது கிலோவைத் தாண்டும். ஏரிக்கரைச் சேற்றில் அதை யார் தூக்குவது? தூக்கினாலும் உள்ளே இருப்பது திரவ அமிலம், ட்யூப் சாய்ந்தால் சிந்தும். சிந்தும் இடத்தில் காற்றடைத்த துணியும் உங்கள் தொடையும் இருக்கும்.

இப்போது எடைக் கணக்கு. உங்கள் 78 கிலோ, ஜாக்கெட், ஃபின், தூண்டில் சாமான் எல்லாம் எட்டு, ட்யூப் எட்டு, மோட்டார் ஏழு, பேட்டரி ஆறு. மொத்தம் 107 கிலோ, பவுண்டில் சுமார் 236. படகுக்காரர்கள் சொல்லும் பொது விதி, 100 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு தள்ளுவிசை. அப்படிப் பார்த்தால் உங்களுக்குத் தேவை ஐந்து பவுண்டு! நீங்கள் பார்த்ததில் சிறியதே 30. அதாவது ஆறு மடங்கு கையிருப்பு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கையிருப்பு காற்றுக்கு.

55 வாங்கினால் வேகமாகப் போகலாமே என்று தோன்றும். போகாது. தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் விசை நாலு மடங்கு வேண்டும், மின்சாரம் எட்டு மடங்கு வேண்டும். அதிலும் இது மூக்கு கூரான படகு இல்லை. மொண்ணையான ஒரு மெத்தை, அதோடு தண்ணீரில் தொங்கும் இரண்டு கால்கள். நடக்கிற வேகத்தைத் தொட்டதும் முன்னால் தண்ணீரைக் குவித்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். அதற்கு மேல் திருகினால் பேட்டரி மட்டும்தான் வேகமாக இறங்கும். 55 பவுண்டு மோட்டார் முழுத் திருகில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட் மோட்டார்களில் ஒரு பவுண்டுக்குச் சுமார் ஒரு ஆம்பியர் என்று மனதில் வைத்துக்கொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

நீங்கள் பணத்தைப் போட வேண்டிய இடம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர். எடை ஆறு கிலோ அளவில் இருக்கும். ஈயப் பேட்டரியை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. இதில் எண்பது சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம், வேகமாக எடுத்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. 50-இல் 40 எடுத்தால், முழுத் திருகில் 30 ஆம்பியர் வீதம் ஒரு மணி இருபது நிமிடம். பாதித் திருகில் 10 ஆம்பியர் என்று வைத்தால் நாலு மணி நேரம். ஏரியில் நாம் பெரும்பாலும் இடம் மாற்றத்தானே ஓட்டுகிறோம், காலை முழுக்கத் தாராளம். காற்றில்லாத சின்னக் குளம் மட்டும் என்றால் 30 ஆம்பியர்-அவரே போதும், நாலு கிலோதான். ஆனால் நான் பட்டவன், 50-தான் சொல்வேன்.

வாங்கும்போது உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்று கேளுங்கள். 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பி.எம்.எஸ். இருந்தால் நிம்மதி. சேலத்திலேயே செல் வாங்கி பேக் கட்டித் தருபவர்களிடம் வாங்கினால் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். 20 ஆம்பியர் பி.எம்.எஸ். போட்டுக் கொடுத்தால், நீங்கள் எதிர்காற்றில் முழுசாகத் திருகும் நேரம் பார்த்து அது மின்சாரத்தைத் துண்டிக்கும். மின் ஸ்கூட்டரில் இருந்து கழற்றிய 48 வோல்ட் பேக்கை மலிவு என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள், 12 வோல்ட் மோட்டார் கருகும். சார்ஜரும் இந்த வகைக்கென்றே உள்ள 14.6 வோல்ட் சார்ஜராக இருக்க வேண்டும்.

ஒரு கோளாறு இதிலும் உண்டு. ஈயப் பேட்டரி சாகப் போகும்போது மோட்டார் மெல்ல இளைக்கும், நமக்குத் தெரியும். லித்தியம் அப்படி இல்லை. கிட்டத்தட்ட கடைசி வரை 13 வோல்ட் பக்கமே நின்றுவிட்டு, சட்டென்று நின்று போகும். மோட்டார் தலையில் இருக்கும் விளக்கு மீட்டர் பெரும்பாலும் ஈயப் பேட்டரிக்காக அமைத்தது, அதை நம்பினால் கடைசி நிமிடம் வரை 'ஃபுல்' என்றே சொல்லும். ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சின்ன உலோகத் துண்டு) வைத்து, எத்தனை ஆம்பியர்-அவர் செலவானது என்று எண்ணும் சின்ன மீட்டரை வாங்கி மாட்டுங்கள். நான் பாதி தீர்வதற்கு முன்பே திரும்பிவிடுவேன். போகும்போது காற்று முதுகில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கிலேயே.

மோட்டாரில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. ஐந்து படி வேகப் பிடி உள்ளவை மலிவு, ஆனால் குறைந்த வேகத்தில் மிச்ச மின்சாரத்தைக் கம்பிச் சுருளில் சூடாக்கி வீணடிப்பவை. படியில்லாமல் திருகும் வகை கொஞ்சம் விலை கூட, ஆனால் மெதுவாக ஓட்டுபவருக்குப் பேட்டரியை நன்றாக மிச்சப்படுத்தும். கடல் தண்ணீருக்கான மாடல் சேலத்துக்காரருக்கு எதற்கு. தண்டு நீளமாக இருந்தால் ட்யூபில் இடிக்கும், 24 அங்குலமோ 30 அங்குலமோ போதும். மின் கோட்டா என்ற பெயரைக் கடையில் பார்த்திருப்பீர்கள். நான் வெகுநாள் அதை நம்ம 'மின்' என்றே நினைத்திருந்தேன். மின்னசோட்டா, வடக்கு டகோட்டா என்ற இரண்டு அமெரிக்க மாநிலப் பெயர்களின் ஒட்டு அது. மேட்டூர் அணை திறந்த அதே 1934-இல் அங்கே ஃபார்கோ என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி.

மாட்டுவது எப்படி என்றால், இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்க ட்யூபுக்கும் குறுக்கே ஒரு அலுமினியச் சட்டம், அதில் கெட்டியான ப்ளைவுட் துண்டு, அதில் மோட்டாரின் கிளாம்ப். பின்பக்கம்தான், எப்போதும் பின்பக்கம். முன்னால் உங்கள் கால் தொங்குகிறது, அதன் பக்கத்தில் சுழலும் விசிறி இருக்கவே கூடாது. மோட்டார் பின்னால் போவதால் பேட்டரியையும் பின்னால் வைத்தால் மல்லாக்கச் சாயும். பேட்டரியைப் பக்கவாட்டில், கைக்கெட்டும் இடத்தில், மூடியுள்ள பெட்டியில் வைத்துக் கட்டுங்கள். ஓட்டும்போது காலை மடக்கித் தூக்கிக்கொண்டால் வேகம் கூடுவது கண்ணுக்கே தெரியும். ஆனால் ஃபினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதுதான் உங்கள் ஸ்டெப்னி.

வயரில் சிக்கனம் வேண்டாம். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5-ஐப் போட்டால் வயரே சூடாகி ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்னும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 40 அல்லது 50 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று. வீட்டு போர்டில் இருக்கும் ஏ.சி. எம்.சி.பி. இதற்கு ஆகாது, சோலார் சாமான் கடையில் டி.சி. எம்.சி.பி. கேட்டு வாங்குங்கள்.

நம்ம ஏரிகளில் விசிறிக்கு இரண்டு எதிரி, ஆகாயத்தாமரையும் வலையும். தாமரை சுற்றினால் பிரேக்கரை அணைத்துவிட்டுக் கையால் பிய்க்கலாம். நைலான் வலை சுற்றினால் அது அடுத்தவர் பிழைப்பு. பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகையில் இருக்கும், குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கேட்டால் வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார். விசிறி கல்லில் இடித்தால் மோட்டாரைக் காப்பாற்றுவதற்காக உள்ளே ஒரு சின்ன பின் உடையும். அது உடைந்தால் மோட்டார் சுற்றும், விசிறி சுற்றாது. உபரியாக இரண்டு பின், ஒரு நட், ஒரு பிளேயர் ஜாக்கெட் பையில் இருக்கட்டும். மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு ட்யூபோடு நான் இப்போது போவதில்லை. காற்று ஒரு காரணம், காவிரியில் முதலை உண்டு என்பது இன்னொரு காரணம். தொங்குவது நம்ம கால்.

ஏற்காடு. ஊர் நடுவில் இருக்கும் பெரிய ஏரி படகுச் சவாரிக்கானது, அங்கே சொந்த மிதவையை இறக்கும் எண்ணம் வேண்டாம். தெரிந்தவர் எஸ்டேட்டில் குளம் இருந்தால் அனுமதி வாங்கிப் போங்கள். உயரத்தால் மின் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை, பெட்ரோல் என்ஜின் போல அது காற்றைக் குடிப்பதில்லை. உயரம் வேலையைக் காட்டுவது ட்யூபில். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் உப்பிக்கொண்டு நிற்குமே, அதேதான். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் காற்றழுத்த வித்தியாசம் சுமார் 2 பி.எஸ்.ஐ. பல ஃப்ளோட் ட்யூபுகளில் அடைக்கும் காற்றே அவ்வளவுதான். கீழேயே அடித்து வண்டி மேல் கட்டிக்கொண்டு போனால் தையல் விடும். மேலே போய்க் குளத்தங்கரையில் அடியுங்கள், அதையும் நிழலில். வெயிலில் கல் மாதிரி இருக்கும்படி அடித்துத் தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தொளதொளவென்று ஆகும், பம்பைக் கரையிலேயே வைத்திருங்கள். திரும்பும்போது காற்றைப் பிடுங்கிவிட்டே வண்டியில் ஏற்றுங்கள்.